கிடா ஒருவருடையது, மலை இன்னொருவருடையது: பாலைவன பிக்ஹார்ன் வேட்டைக்குத் திட்டமிடுவது எப்படி

லாஸ் வேகஸிலிருந்து அரை மணி நேரம் காரில் போனால் போல்டர் சிட்டி என்று ஒரு சின்ன ஊர். அங்கே மீட் ஏரியைப் பார்த்தாற்போல ஹெமன்வே பார்க் என்று ஒரு பூங்கா இருக்கிறது. பிள்ளைகள் விளையாடுகிற சாதாரணப் புல்தரைதான். ஆனால் வெயில் காலத்தில் பக்கத்திலிருக்கும் ரிவர் மவுன்டன்ஸ் மலையிலிருந்து காட்டுச் செம்மறிகள் இறங்கி வந்து, மனிதர்களைக் கண்டுகொள்ளாமல் அந்தப் புல்லை மேய்ந்துகொண்டிருக்கும். பிக்ஹார்ன் வேட்டை பற்றிக் கேட்கிற யாரிடமும் நான் முதலில் சொல்வது, அங்கே போய் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பாருங்கள் என்பதுதான். துப்பாக்கி, டேக் என்கிற வேட்டை அனுமதிச் சீட்டு, வரைபடம் எல்லாம் அப்புறம். மூன்று வயதுக் கிடாவின் கொம்புக்கும் எட்டு வயதுக் கிடாவின் கொம்புக்கும் என்ன வித்தியாசம் என்பது இருபதடி தூரத்தில் பார்த்துப் பழகாத கண்ணுக்கு அரை மைல் தூரத்தில் தெரியவே தெரியாது.

இது என்ன விலங்கு என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிக்ஹார்ன் என்பது வட அமெரிக்காவின் காட்டுச் செம்மறி. அதில் பாலைவனத்தில் வாழப் பழகிய வகையைத்தான் டெசர்ட் பிக்ஹார்ன் என்கிறார்கள். நெவாடா, அரிசோனா, கலிஃபோர்னியா, யூட்டா, நியூ மெக்சிகோ, டெக்சஸ், எல்லை தாண்டி மெக்சிகோ வரை இருக்கிறது. நெவாடாவின் மாநில விலங்கே இதுதான், அமெரிக்க மாநிலங்களில் அதிகம் இருப்பதும் அங்கேதான். வளர்ந்த கிடா 60 கிலோவிலிருந்து 90 கிலோ வரை இருக்கும். கொம்பு மானுக்குப் போல ஆண்டுதோறும் விழுந்து முளைப்பதில்லை, சாகும்வரை வளர்ந்துகொண்டே போகும், ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு வளையம் விழும். பெட்டைக்கும் கொம்பு உண்டு, ஆனால் மெலிந்து, குட்டையாக, பின்பக்கம் லேசாக வளைந்து நின்றுவிடும். புதிதாகப் பார்ப்பவர்கள் கொம்பைப் பார்த்ததும் கிடா என்று நினைத்துவிடுவார்கள். பூங்காவுக்குப் போகச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

நம் வரையாட்டைப் பார்த்தவர்களுக்கு இதன் நடை உடனே பிடிபடும், அதே செங்குத்துப் பாறை, அதே அலட்சியமான தாவல். ஆனால் வரையாடு மழையும் பனிமூட்டமுமான புல்மலையில் வாழ்கிறது, இது ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டர் மழை பெய்தாலே பெரிது என்கிற கல்லுப் பாலையில் வாழ்கிறது. இன்னொன்றும் இருக்கிறது. இந்தியாவில் 1972 ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் வந்த பிறகு வேட்டை என்றாலே குற்றம் என்றுதான் நாம் வளர்ந்தோம். அதனால், “இவ்வளவு அரிய விலங்கை ஏன் சுட விடுகிறார்கள்?” என்ற கேள்வி நம் ஆட்களுக்கு முதலில் வரும். வரவும் வேண்டும். அதற்குப் பதில் தெரியாமல் இந்த வேட்டைக்குத் திட்டம் போடுவதில் அர்த்தமில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இந்த ஆடுகள் அழிவின் விளிம்புக்குப் போயின. சுரங்கத் தொழிலாளர்களுக்கு இறைச்சிக்காகச் சுட்டது ஒரு பக்கம், வீட்டுச் செம்மறி மந்தைகள் கொண்டுவந்த நோய் இன்னொரு பக்கம், நீர்நிலைகளையும் மேய்ச்சலையும் கால்நடைகள் பிடித்துக்கொண்டது மற்றொரு பக்கம். 1936 இல் நெவாடாவில் இந்த ஆட்டுக்காகவே டெசர்ட் நேஷனல் வைல்ட்லைஃப் ரெஃப்யூஜ் என்று இன்று அறியப்படும் காப்பிடத்தை ஒதுக்கினார்கள். அலாஸ்காவை விட்டால் அமெரிக்க நிலப்பரப்பில் அதுதான் மிகப்பெரிய வனவிலங்குக் காப்பிடம், சுமார் 16 லட்சம் ஏக்கர். அதே காலத்தில் அரிசோனாவில் ஃபிரெடெரிக் ரஸல் பர்னம் என்ற முதியவர் சாரணச் சிறுவர்களைத் திரட்டி, ஆட்டைக் காப்பாற்றுங்கள் என்று ஊர் ஊராகப் பிரசாரம் செய்ய வைத்தார். அதன் பலனாக 1939 இல் கோஃபா, கபேஸா ப்ரியெட்டா என்ற இரண்டு காப்பிடங்கள் வந்தன. இதற்கிடையில் 1937 இல் பிட்மன்-ராபர்ட்சன் சட்டம் வந்தது. வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 விழுக்காடு வரி, அந்தப் பணம் மாநிலங்களின் வனவிலங்குத் துறைகளுக்கு. உரிமக் கட்டணங்களும் இந்த வரியும் சேர்ந்துதான் ஆடுகளைப் பிடித்து அழிந்துபோன மலைகளுக்கு மீண்டும் கொண்டுபோய் விட்டன, வறண்ட மலைகளில் தண்ணீர்த் தொட்டி கட்டின. இன்றைக்கும் ஹெலிகாப்டரில் போய் எண்ணிப் பார்த்து, எத்தனை கிடா, எத்தனை பெட்டை, எத்தனை குட்டி பிழைத்திருக்கிறது என்று கணக்கெடுத்து, அதிலிருந்து சிறு பங்கு கிடாக்களுக்கு மட்டும்தான் அனுமதி கொடுக்கிறார்கள். ஒரு கிடா பல பெட்டைகளோடு சேரும் என்பதால் வயதான சில கிடாக்கள் போவதால் மந்தை குறையாது. இதுதான் கணக்கு. இந்தக் கணக்கை நான் நம்புகிறேன், ஏனென்றால் அது வேலை செய்ததை மலையில் பார்க்க முடிகிறது.

சரி, இப்போது முக்கியமான விஷயம். இந்த வேட்டையில் தலைசுற்ற வைக்கும் விதிகள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே ஒரு விஷயம்தான் இருக்கிறது. ஆடு ஒருவருடையது, அது நிற்கிற நிலம் இன்னொருவருடையது. அமெரிக்காவில் காட்டு விலங்குகள் மக்களின் பொதுச்சொத்து, அதை அந்தந்த மாநிலம் பொறுப்பேற்றுப் பார்த்துக்கொள்கிறது. யார் சுடலாம், எத்தனை, எந்தத் தேதியில், என்பதெல்லாம் மாநிலத்தின் வனவிலங்குத் துறை சொல்வதுதான். நிலம் பெரும்பாலும் மத்திய அரசுடையது. நெவாடாவில் ஐந்தில் நான்கு பங்கு நிலம் மத்திய அரசின் கையில் இருக்கிறது, அதிலும் பெரும்பங்கு, சுமார் 4.8 கோடி ஏக்கர், பி.எல்.எம். என்று சொல்லப்படும் நில மேலாண்மைத் துறையிடம். நம்மூர்ப் புறம்போக்கு போலத் தோன்றும், ஆனால் யார் வேண்டுமானாலும் யாரிடமும் கேட்காமல் நடக்கலாம், கூடாரம் போடலாம், பொதுவாக ஒரே இடத்தில் 14 நாள் வரை தங்கலாம். பொது நில வேட்டை என்பதன் அர்த்தம் இவ்வளவுதான். தனியார் பண்ணைக்காரருக்கு லட்சக்கணக்கில் பணம் கொடுக்காமல், ஒரு சாதாரணச் சம்பளக்காரர் தன் காலை நம்பிப் போகக்கூடிய வேட்டை.

இந்த இரண்டு முதலாளிகளையும் பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். டேக் கையில் இருக்கிறது என்பதற்காக எல்லா இடத்திலும் சுட முடியாது. டெத் வேலி போன்ற நேஷனல் பார்க்கில் வேட்டை கிடையாது, ஆனால் அதை நடத்தும் அதே தேசியப் பூங்காத் துறை நடத்துகிற மொஹாவே நேஷனல் பிரிசர்வில் உண்டு. பெயரில் ஒரு சொல் மாறினால் சட்டம் மாறுகிறது. வேலி ஆஃப் ஃபயர் மாநிலப் பூங்காவுக்குள் சாலையோரத்திலேயே அருமையான கிடாக்கள் நிற்கும், தொட முடியாது. பக்கத்து மடி மவுன்டன்ஸ் பி.எல்.எம். நிலம், அங்கே உண்டு. ஆனால் அந்த மலையில் பெரும்பகுதி 2002 முதல் வில்டர்னஸ் என்று அறிவிக்கப்பட்டிருப்பதால் எந்த எஞ்சினும் உள்ளே போகக் கூடாது, நான்கு சக்கர வண்டியும் இல்லை, சைக்கிளும் இல்லை, நடைதான். கபேஸா ப்ரியெட்டாவுக்குள் போக வேண்டுமென்றால் அது ராணுவப் பயிற்சித் தளத்தோடு ஒட்டிய பகுதி என்பதால் தனியாக நுழைவு அனுமதி வாங்கி, வெடிக்காத குண்டுகள் கிடக்கலாம் என்பது எனக்குத் தெரியும் என்று கையெழுத்தும் போட வேண்டும். வரைபடத்தில் பி.எல்.எம். நிலம் மஞ்சள், வனத்துறை நிலம் பச்சை, தனியார் நிலம் வெள்ளை. ஆன்எக்ஸ் போன்ற செயலியைக் கைப்பேசியில் இறக்கி, சிக்னல் இல்லாத இடத்திலும் தெரியும்படி அந்தப் பகுதியின் படத்தைச் சேமித்து வையுங்கள். பாலைவனத்தில் எல்லைக்கல் கண்ணில் படாது.

அடுத்தது டேக். இதுதான் காத்திருக்க வைக்கும். மாநிலம் தன் நிலப்பரப்பை எண் போட்ட யூனிட்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் இத்தனை டேக் என்று வைத்து, விண்ணப்பித்தவர்களிடையே குலுக்கல் போடுகிறது. சில யூனிட்டுக்கு ஒன்றிரண்டுதான். வெளி மாநிலத்தவருக்கு வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை என்பதுதான் வழக்கமான நிலை. கிடைக்காத ஒவ்வோர் ஆண்டும் போனஸ் பாயின்ட் ஒன்று சேரும், அது அடுத்த குலுக்கலில் உதவும். எப்படி உதவும் என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறு.

நெவாடாவில் உங்கள் பாயின்ட்டை அதே எண்ணால் பெருக்கி ஒன்று கூட்டுகிறார்கள், அத்தனை சீட்டு உங்கள் பெயரில். என் நண்பர் ஒருவர் அங்கேயே வசிப்பவர், அவருக்கு 14 பாயின்ட் இருந்தபோது டேக் விழுந்தது. 14 பெருக்கல் 14, அதில் ஒன்று கூட்டினால் 197 சீட்டு. அந்த ஆண்டு முதன்முதலாக விண்ணப்பித்தவருக்கு ஒரே ஒரு சீட்டு. ஆனாலும் அந்த ஒரு சீட்டுக்காரருக்கும் விழ வாய்ப்பு இருக்கிறது, 20 பாயின்ட் வைத்திருப்பவருக்கு விழாமலும் போகலாம். அரிசோனாவில் ஐந்தில் ஒரு பங்கு டேக்குகளை அதிக பாயின்ட் வைத்திருப்பவர்களுக்கென ஒதுக்கிவிட்டு மீதியைக் குலுக்குகிறார்கள். யூட்டாவில் பாதிக்குப் பாதி. நியூ மெக்சிகோவில் பாயின்ட்டே கிடையாது, எத்தனை ஆண்டு காத்திருந்தாலும் ஆண்டுதோறும் புதிய குலுக்கல்தான், அதனால் இன்றைக்குத் தொடங்குபவருக்கு அது நல்ல இடம். அங்கே மட்டும் உரிமக் கட்டணம் முழுவதையும் விண்ணப்பிக்கும்போதே கட்ட வேண்டும், விழாவிட்டால் திரும்ப வரும். அரிசோனாவிலும் யூட்டாவிலும் டெசர்ட் பிக்ஹார்ன் என்பது வாழ்நாளில் ஒரு முறைதான்.

தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது: வயதைப் பார்க்காமல் இந்த ஆண்டே தொடங்குங்கள், ஒரே மாநிலத்தில் தொங்கிக்கொண்டிருக்காமல் இரண்டு மூன்றில் போடுங்கள், கடைசித் தேதியைத் தவறவிடாதீர்கள். நெவாடாவுக்கு வசந்த காலத்தில், மே மாதத்தையொட்டி முடியும், அரிசோனாவுக்கு ஜூனில். இரண்டு இடத்திலும் பணம் திரும்பி வராத ஒரு வேட்டை உரிமத்தை வாங்கினால்தான் குலுக்கலுக்குள்ளேயே போக முடியும், அந்தச் செலவை ஆண்டுச் சந்தா மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். டேக் விழுந்தால் வெளி மாநிலத்தவருக்கு ஆயிரம் டாலருக்கு மேல் கட்டணம். அதற்கு முன், 1960 ஜனவரி 1க்குப் பிறகு பிறந்தவர்கள் ஹன்டர் எஜுகேஷன் படிப்பை முடித்த சான்றிதழ் காட்ட வேண்டும் என்பது நெவாடா விதி. அதை இப்போதே முடித்து வைப்பது நல்லது.

இங்கே நம் ஆட்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க அமெரிக்க மத்தியச் சட்டம் பொதுவாகத் தடை போடுகிறது. ஏதாவது ஓர் அமெரிக்க மாநிலம் முறைப்படி கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருந்தால் அதற்கு விலக்கு உண்டு. கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தடை இல்லை. உரிமம் காலாவதியான மறுநாள் துப்பாக்கி அலமாரியில் இருந்தாலே சிக்கல், ஆகவே இதை விளையாட்டாக எடுக்க வேண்டாம், விசா வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டுவிட்டே இறங்குங்கள்.

பத்துப் பதினைந்து ஆண்டு காத்திருக்கும்போது என்ன செய்வது? நான் இந்த வேட்டைக்குள் வந்ததே இந்தக் கேள்விக்கான பதில் வழியாகத்தான். லாஸ் வேகஸில் 1964 முதல் ஃப்ரெட்டர்னிட்டி ஆஃப் தி டெசர்ட் பிக்ஹார்ன் என்ற தன்னார்வ அமைப்பு இருக்கிறது, அரிசோனாவில் 1967 முதல் டெசர்ட் பிக்ஹார்ன் ஷீப் சொசைட்டி. மலையில் கஸ்லர் என்று சொல்லப்படும் மழைநீர்த் தொட்டிகளைக் கட்டுவதும் பழுது பார்ப்பதும் இவர்கள் வேலை. பாறைச் சரிவிலோ தகரக் கூரையிலோ விழுகிற மழையைக் குழாய் வழியாகத் தொட்டிக்குக் கொண்டுவந்து, அதிலிருந்து ஆடு வாய் வைக்கிற மாதிரி ஒரு குடிதொட்டிக்கு விடுவார்கள். ஒரு சனிக்கிழமை குழாய் சுமந்து மேலே ஏறிப் பாருங்கள். ஆடு எந்தக் கணவாய் வழியாகத் தண்ணீருக்கு வருகிறது, புழுக்கை எங்கே குவிந்திருக்கிறது, எந்தக் குகை நிழலில் படுத்த குழி இருக்கிறது என்பதெல்லாம் தோள்வலியோடு சேர்ந்து மனதில் பதியும். பக்கத்தில் குழாய் பிடிக்கிற பெரியவர் முப்பது ஆண்டாக அந்த மலையில் நடப்பவராக இருப்பார். டேக் உள்ள யாராவது கூட வா என்று கூப்பிட்டால் மறுக்காமல் போங்கள், துப்பாக்கி இல்லாமல் வெறும் கண்ணாக. நான் கற்றதில் பெரும்பகுதி இப்படிக் கூடப் போனதில்தான்.

டேக் விழுந்த பிறகு உண்மையான திட்டமிடல் தொடங்குகிறது. ஆச்சரியமான விஷயம், இந்த வேட்டையில் கஷ்டமானது குலுக்கல்தான். டேக் கிடைத்தவர்களில் பெரும்பாலானோர் கிடாவோடுதான் இறங்குகிறார்கள். முதல் வேலை, அந்த யூனிட்டைக் கவனிக்கும் உயிரியலாளரை அழைத்துப் பேசுவது. மாநிலத் துறையின் இணையத்தளத்தில் எண் இருக்கும், அவர்களும் சந்தோஷமாகப் பேசுவார்கள். எங்கே கிடா இருக்கிறது என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். கணக்கெடுப்பில் கிடாக் கூட்டங்கள் எந்த முகட்டில் இருந்தன, எந்தத் தொட்டியில் இந்த ஆண்டு தண்ணீர் வற்றியது, எந்தச் சாலை வெள்ளத்தில் அடித்துப் போயிருக்கிறது, எங்காவது இருமுகிற ஆடு பார்த்தீர்களா என்று கேளுங்கள். ஆண்டுதோறும் துறை வெளியிடும் அறிக்கையில் சுடப்பட்ட கிடாக்களின் வயது, எத்தனை நாள் ஆனது என்பதும் இருக்கும், அதைப் படித்துவிட்டு அழைத்தால் பேச்சே வேறு மாதிரி போகும்.

அப்புறம் காலம். நெவாடாவில் பொதுவாக நவம்பர் கடைசிப் பகுதியில் தொடங்கி புத்தாண்டு வரை, அரிசோனாவில் டிசம்பர். இதை வைத்து ஆட்டின் நிலைமையை ஊகிக்கலாம். பாலைவன ஆடுகள் சேரும் பருவம் கோடையின் பின்பாதி. டிசம்பருக்குள் அது முடிந்து, கிடாக்கள் பெட்டைகளை விட்டுப் பிரிந்து தங்களுக்குள் கூட்டம் சேர்ந்துவிடும். அதாவது ஆகஸ்டில் நீங்கள் கிடாவைப் பார்த்த இடத்தில் டிசம்பரில் அது இருக்கும் என்று சொல்ல முடியாது. குளிர்காலத்தில் பச்சைச் செடியிலிருந்தே ஈரம் கிடைத்துவிடுவதால் தண்ணீரைத் தேடி வருவதும் குறைந்துவிடும். கோடையில் தொட்டி வாயில் எடுத்த படங்களை மட்டும் நம்பி வேட்டைத் திட்டம் போடுகிறவர்கள் முதல் வாரத்தை வீணடிப்பது இதனால்தான். கோடைப் பயணம் சாலைகளையும் முகாம் இடத்தையும் பார்க்க, அக்டோபர், நவம்பர் பயணம் கிடாவைப் பார்க்க, என்று பிரித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் இருக்கிற இடத்தில் முகாம் போடுவது சட்டப்படியும் கூடாது, நெவாடாவில் 100 கஜத்துக்குள், அரிசோனாவில் கால் மைலுக்குள் கூடாது.

இனி இந்த வேட்டையின் உயிர்நாடி, உட்கார்ந்து பார்ப்பது. நடந்து தேடினால் ஆடு உங்களை முதலில் பார்த்துவிடும், அதன் கண் அவ்வளவு கூர்மை. அதனால் ஒரு மேட்டில் உட்கார்ந்து, பைனாகுலரை டிரைபாடில் மாட்டி, எதிர்ச் சரிவைக் கட்டம் கட்டமாகத் துழாவ வேண்டும். கையில் பிடித்துப் பார்ப்பதும் டிரைபாடில் பார்ப்பதும் இரவுக்கும் பகலுக்குமான வித்தியாசம், புதியவர்கள் இதை நம்புவதே இல்லை. பத்து மடங்கு பைனாகுலர் போதும், முடிந்தால் பதினைந்து மடங்கு, கொம்பை அளக்க ஒரு ஸ்பாட்டிங் ஸ்கோப். துப்பாக்கியில் மிச்சம் பிடித்து கண்ணாடியில் செலவு செய்யுங்கள்.

நண்பரோடு போனபோது மூன்றாம் நாள் காலை. சூரியன் எங்கள் முதுகுக்குப் பின்னால் வலப்பக்கமாக ஏறிக்கொண்டிருந்தது, எதிரில் ஒரு மைலுக்கு மேல் தள்ளி செம்பழுப்புப் பாறைச் சுவர். ஆறரையிலிருந்து ஒன்பதரை வரை ஒன்றுமில்லை. ஒரே சரிவை நான்காவது முறையாகப் பார்க்கிறோம். பாறை, கிரியோசோட் புதர், பாறை, பாறையின் நிழல். அப்போது ஒரு நிழல் மட்டும் தப்பான பக்கம் வளைந்திருப்பதாகப் பட்டது. வெயில் வலப்பக்கமிருந்து அடித்தால் நிழல் இடப்பக்கம் விழ வேண்டும், இது வலப்பக்கம் வட்டம் போட்டிருந்தது. மூச்சைப் பிடித்து ஐந்து நிமிடம் பார்த்தேன். அந்த வட்டம் லேசாக மேலும் கீழும் ஆடியது. கிடா படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. அதைக் கண்டதும் பக்கத்துப் பாறைகள் ஒவ்வொன்றாக ஆடாக மாறின, மொத்தம் ஐந்து கிடா, அவ்வளவு நேரமும் எங்கள் கண்ணெதிரிலேயே. வெள்ளைப் பிட்டம் தெரியும் என்று எல்லாரும் சொல்வார்கள், உண்மைதான், எழுந்து நின்று திரும்பினால் தூரத்திலும் பளிச்சென்று தெரியும். படுத்திருக்கிற ஆட்டுக்கு அது பொருந்தாது. படுத்த ஆட்டைக் கண்டுபிடிக்க ஒரே வழி அதே இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது.

ஐந்தில் எது? இங்கேதான் பூங்காவில் உட்கார்ந்தது உதவும். கிழக்கிடாவின் கொம்பு அடியிலிருந்து நுனி வரை பருமன் குறையாமல் வரும், வளைவு தாடைக்குக் கீழே தொங்கிவிட்டு மேலேறும், நுனி உடைந்து தேய்ந்து மொட்டையாக இருக்கும். பாறையில் உரசியும் சண்டையிலும் தேய்ந்த நுனி அது. இளங்கிடாவின் கொம்பு நுனியில் ஊசியாக மெலியும். கழுத்துப் பருமன், தொங்கிய வயிறு, மூக்கின் மேல் புடைப்பு எல்லாம் வயதைச் சொல்லும். ஸ்கோப்பில் நல்ல வெளிச்சத்தில் வளையங்களை எண்ணவும் முடியும். பூன் அன்ட் க்ராக்கெட் கிளப் வைத்திருக்கும் அளவுமுறையில் டெசர்ட் பிக்ஹார்ன் நிரந்தரப் பட்டியலில் ஏற 168 புள்ளி வேண்டும், பலர் அந்த எண்ணிலேயே குறியாக இருக்கிறார்கள். என் கருத்து வேறு. அளவை விட்டு வயதைப் பாருங்கள். ஒன்பது பத்து வயதான கிடா தன் குட்டிகளை மந்தையில் விட்டுவிட்டது, இன்னும் ஓரிரு குளிர்காலம்தான் தாங்கும். அதைத் தேர்ந்தெடுப்பதுதான் அந்த மந்தைக்கு நாம் செய்கிற நியாயம்.

நெருங்குவதில் காற்றுதான் முதல் எதிரி. காலையில் குளிர்ந்த காற்று சரிவில் கீழ்நோக்கி இறங்கும், வெயில் ஏறியதும் மேல்நோக்கித் திரும்பும், அந்தத் திருப்பம் முடிந்த பிறகு ஆட்டுக்கு மேலிருந்து வருவது நல்லது. ஆடு ஆபத்தைப் பெரும்பாலும் கீழிருந்துதான் எதிர்பார்க்கும். செங்குத்தான சரிவில் சுடும்போது தோட்டா விழுவது கிடைமட்டத் தூரத்தைப் பொறுத்தது என்பதை நினைவில் வையுங்கள். 30 டிகிரி சரிவில் 300 மீட்டர் காட்டினால் 260 மீட்டருக்குத்தான் குறி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் மேலே போய்விடும். இதற்கு ஊர் மைதானத்தில் பழகினால் போதாது, சரிவில் உட்கார்ந்து பழக வேண்டும். கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் ஈயம் இல்லாத தோட்டாதான் சட்டம். இன்னொன்று, கிடா நிற்கிற பாறை விளிம்பைப் பாருங்கள். சுட்டால் இருநூறு அடி கீழே உருளும் என்றால் காத்திருங்கள். கொம்பும் உடையும், இறைச்சியும் பாழாகும், எடுக்கப் போகிற நீங்களும் ஆபத்தில் மாட்டுவீர்கள்.

இறைச்சியைப் பற்றி யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை. உண்ணத்தக்க இறைச்சியை மலையில் விட்டுவருவது சட்டப்படி குற்றம், என்னைக் கேட்டால் அதைவிடப் பெரிய தப்பும்கூட. எலும்பு நீக்கினாலும் 25 கிலோவுக்குக் குறையாது, தலையும் கொம்பும் தோலும் தனிச் சுமை. தனியாளாக இருந்தால் இரண்டு நடை. அதனால் முதல் நாளே, ‘இந்த இடத்தில் விழுந்தால் எந்த வழியாக இறக்குவோம், எத்தனை மணி நேரம்’ என்று வரைபடத்தில் பார்த்துவிட்டுத்தான் அந்தச் சரிவில் கால் வைக்க வேண்டும். நல்ல துணியில் செய்த இறைச்சிப் பைகள் நான்கும், முகாமில் பனிக்கட்டி நிரம்பிய பெட்டியும் வேண்டும். டிசம்பரானாலும் மதிய வெயிலில் பாறை சூடாகிவிடும்.

பாலைவனத்தில் உயிரோடு இருப்பது பற்றி நாலு வார்த்தை. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர், அதை நீங்களேதான் சுமக்க வேண்டும். வண்டிக்கு இரண்டு உபரிச் சக்கரம், அந்தக் கல் டயரைக் கத்திபோல் கிழிக்கும். சிக்னல் இல்லாத இடத்தில் செய்தி அனுப்பும் செயற்கைக்கோள் கருவி. நெவாடா முழுக்கக் கைவிடப்பட்ட சுரங்கக் குழிகள் இருக்கின்றன, இருட்டில் குறுக்குவழி வேண்டாம். சொயா என்ற கள்ளிச்செடியின் முள்ளுருண்டை காலில் ஏறிக்கொண்டால் கையால் பிடுங்காதீர்கள், கையிலும் ஏறும், தலைசீவும் சீப்பை அடியில் கொடுத்து நெம்பினால் வந்துவிடும். பையில் எப்போதும் ஒரு சீப்பு வைத்திருக்கிறேன்.

சுமை தூக்க வளர்ப்பு ஆடுகளைக் கொண்டுபோகலாமா என்று சிலர் கேட்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். வீட்டுச் செம்மறியும் வெள்ளாடும் சுமக்கிற மைக்கோப்ளாஸ்மா கிருமி அவற்றை அவ்வளவாகப் பாதிக்காது, பிக்ஹார்னுக்கு அது நிமோனியா. 2013 இல் மொஹாவே பிரிசர்வில் ஓல்ட் டாட் பீக் மந்தையில் அது பரவி ஆடுகள் செத்து விழுந்தன. நோய் வந்த மந்தையில் அதன்பின் பல ஆண்டு குட்டிகள் பிழைப்பதில்லை, அதுதான் கொடுமை. மலையில் இருமுகிற ஆட்டையோ தலையைத் தொங்கப் போட்டு ஆட்டுகிற ஆட்டையோ பார்த்தால் இடத்தைக் குறித்துக்கொண்டு துறைக்குச் சொல்லுங்கள், வேட்டை நடுவில் இருந்தாலும்.

கடைசி வேலை, கிடாவின் மண்டையோட்டையும் கொம்பையும் மாநிலத் துறை அலுவலகத்துக்குக் கொண்டுபோய்ப் பதிவது. சில நாட்களே அவகாசம், அதை முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். நண்பரின் கிடாவை மேசையில் வைத்தபோது அலுவலர் டேப்பை எடுத்து அடிச்சுற்றை அளந்தார், பிறகு விரல் நகத்தால் வளையங்களை ஒவ்வொன்றாகத் தடவி எண்ணினார். மழை பெய்த ஆண்டின் இடைவெளி அகலமாகவும் வறண்ட ஆண்டினுடையது நெருக்கமாகவும் இருப்பதைக் காட்டினார். பத்து வயது. சின்ன டிரில்லால் கொம்பின் பின்பக்கம் ஒரு துளை போட்டு, எண் பொறித்த உலோக முளையை அடித்து இறக்கினார், அதே எண்ணைக் கிடா விழுந்த இடத்தோடு சேர்த்துப் படிவத்தில் எழுதினார். அடுத்த ஆண்டு அந்த யூனிட்டுக்கு எத்தனை டேக் என்று முடிவு செய்யும்போது அந்த வரியும் கணக்கில் இருக்கும்.